ஐந்து, பன்னிரண்டு, பதினெட்டு

விடைக்குறிப்பு ஆட்சேபக் குழு கூடிய அன்று அந்த அறையில் இருந்தவர்கள் வருமாறு. நீள மேசையின் தலைமாட்டில், மற்ற நாற்காலிகளைவிட ஒரு சாண் உயரமான நாற்காலியில், குழுவின் தலைவர். அவருக்கு வலப்பக்கம் கணித நிபுணர். நிபுணருடையது சுழல்நாற்காலி. அது ஒரு பக்கமாகத் திரும்பிச் சிக்கிக்கொண்டு வெகுகாலமாகிவிட்டதால் அவர் முகம் எப்போதும் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. இடப்பக்கம் எழுத்தர், முன்னால் விதிப்புத்தகமும் அரக்குக் குச்சியும். எதிர்முனையில் மேலிடப் பிரதிநிதிக்கு ஒரு நாற்காலி. அவர் வரவில்லை, என்றுமே வந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்கு முன்னால் ஒரு கோப்பைத் தேநீர் வைத்து, அது ஆறியதும் மரியாதையாக எடுத்துக்கொண்டு போவார்கள். மேசைக்கு அப்பால், கதவோரம், சாய்ந்துகொள்ள முதுகில்லாத பெஞ்சில், ஆட்சேபம் எழுப்பிய பெண்ணும் அவள் அம்மாவும்.

அம்மா ஒரு பல் டாக்டரின் க்ளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "இதோ, அடுத்தது நீங்கதான்" என்று சொல்லிச் சொல்லியே ஆயுளில் பாதியைக் கழித்தவள். ஆகவே காத்திருப்பது அவளுக்குப் புதிதல்ல. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதுதான் விளங்கவில்லை. வடிவகணிதம் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கையசைத்து விடை கொடுத்த பாடம். மகளுக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைகிறது, அந்த ஒன்று கிடைத்தால் கட்டடப் பொறியியலில் இடம், கிடைக்காவிட்டால் இல்லை. இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இதற்குமேல் தெரிந்துகொள்ள அவள் ஆசைப்படவுமில்லை.

"எதையாவது சொல்லி வம்பு பண்ணாதே. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. பெரியவங்க சொன்னா தலையாட்டு," என்று படியேறும்போதே சொல்லி வைத்திருந்தாள்.

"தலையாட்டறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்லயே ஆட்டியிருக்கலாமே," என்றாள் மகள்.

தகராறு இதுதான். நுழைவுத் தேர்வில் ஒரு கேள்வி: ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 5, 12, 18 சென்டிமீட்டர். அதன் பரப்பளவு என்ன? கொடுக்கப்பட்ட விடைகள் 30, 45, 60, கடைசியாக 'இவற்றில் எதுவுமில்லை'. பெண் கடைசியைக் குறித்தாள். குழுவின் விடைக்குறிப்பு 30 என்றது.

"சொல்லும்மா. என்ன குறை?" என்றார் தலைவர்.

பெண் எழுந்து நின்றாள். "சார், ஒரு முக்கோணத்துல ரெண்டு சின்னப் பக்கத்தையும் கூட்டினா பெரிய பக்கத்தைவிட அதிகமா வரணும். அஞ்சும் பன்னிரண்டும் பதினேழு. பதினெட்டுக்கு எட்டாது. ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு தொடவே தொடாது. அதனால இப்படி ஒரு முக்கோணமே கிடையாது. இல்லாத முக்கோணத்துக்கு ஏது பரப்பளவு?"

"இல்லையா?"

"இல்ல சார்."

"இல்லைன்னு சொல்றியே, ஆதாரம் எங்கே? ஆட்சேபம் எழுப்பறவங்க சம்பந்தப்பட்ட பொருளை நேர்ல கொண்டு வந்து காட்டணும்னு விதி இருக்கு." எழுத்தர் விதிப்புத்தகத்தைத் திறந்து, தலைவர் சொன்ன பக்கத்தில் விரலை வைத்துத் தலையசைத்தார். "நீ அந்த முக்கோணத்தைக் கொண்டு வந்திருக்கியா?"

"இல்லாததை எப்படி சார் கொண்டு வர்றது?"

"அப்போ ஆதாரம் இல்லைன்னு எழுதிக்கோங்க," என்று தலைவர் எழுத்தரிடம் சொன்னார்.

அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "கொண்டு வந்திருக்கணும்டி. நான்தான் கிளம்பும்போது எல்லாம் எடுத்துக்கிட்டியான்னு கேட்டேனே," என்றாள் மெல்ல.

தலைவர் இரக்கமுள்ளவர். அதை அவரே சொன்னார். பிறகு கேள்வித்தாள் உருவாகும் விதத்தை விளக்க முன்வந்தார். கோபமில்லை, பெருமைதான்.

"கேள்வித்தாள் தயாரிக்கறதுல எங்களுக்கு ரெண்டே விதி. ஒண்ணு, பழைய கேள்வி அப்படியே திரும்ப வரக் கூடாது. ரெண்டு, புதுசா கேள்வி யோசிக்கக் கூடாது. யோசிச்சா தப்பு வந்துடும். அதனால ஒரு பழைய கேள்வியை எடுத்து, அதுல ஒரே ஒரு எண்ணை மட்டும் மாத்துவோம். போன தடவை இதே கேள்வியில 5, 12, 13-ன்னு இருந்தது. இந்தத் தடவை பதிமூணைப் பதினெட்டாக்கினோம். எண்ணை மாத்தறதுக்கே தனியா ஒரு உபகுழு இருக்கு. மூணு அமர்வு உட்கார்ந்து மாத்தினாங்க."

"அப்போ விடையையும் மாத்தணுமே சார்?"

"விடை எங்கே இருக்கு? பெட்டகத்துல பூட்டி, அரக்கு முத்திரை வெச்சிருக்கு. அதைத் தொட யாருக்கும் அதிகாரம் இல்லை. எனக்கே இல்லை. கேள்வி மாறும், விடை மாறாது. இந்த அமைப்போட நாணயமே அதுலதான் இருக்கு."

"மத்தவங்க எல்லாம் 30-ன்னு எழுதினாங்களா சார்?" என்று அம்மா கேட்டாள். கேட்டபிறகு, வாயைத் திறந்தது தப்போ என்று மகளைப் பார்த்தாள்.

"எல்லாரும் எழுதினாங்கம்மா. பயிற்சி மையத்துலயே சொல்லித் தர்றாங்க. அஞ்சும் பன்னிரண்டும் கண்ணுல பட்டா முப்பதுன்னு குறிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடணும். நல்ல பிள்ளைங்க அப்படித்தான் போறாங்க. உங்க பொண்ணு மூணாவது எண்ணையும் படிச்சிருக்கா. அங்கதான் பிசகிடுச்சு."

அம்மா மகளை முறைத்தாள். இந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தாள். தகப்பன் வழியாகத்தான் இருக்கவேண்டும்.

தலைவர் நிபுணரைப் பார்த்து, "ஐயா, பலகையில ஒரு தடவை வரைஞ்சு காட்டிடுங்க. பிள்ளை மனசு சமாதானமாகட்டும்," என்றார்.

நிபுணர் எழுந்து, சுவரைப் பார்த்தபடியே பலகைவரை நகர்ந்து, சாக்பீஸை எடுத்தார். கண்ணுக்கு லட்சணமான ஒரு முக்கோணம் வரைந்தார். ஒரு பக்கத்தில் 5, ஒரு பக்கத்தில் 12, மூன்றாவதில் 18 என்று மணிமணியாக எழுதினார். எழுதிவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இருக்கா இல்லையா?" என்றார் தலைவர்.

"இருக்கு," என்றாள் அம்மா, மனமார.

"அளந்து பாருங்க சார்," என்றாள் மகள்.

"அளக்க முடியாது. கேள்வித்தாள்ல கீழே அச்சடிச்சிருக்கோமே, பார்க்கலியா? 'படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை அல்ல.' அளவுப்படி இல்லாததை எதை வெச்சு அளக்கறது?"

பெண் நிபுணரிடம் திரும்பினாள். அவர் பிடரியோடுதான் பேசவேண்டியிருந்தது. "சார், நீங்க கணக்குப் படிச்சவர். நீங்களே சொல்லுங்க. இப்படி ஒரு முக்கோணம் இருக்க முடியுமா?"

பிடரி திரும்பவில்லை. சுவரிடம் சொல்வதுபோல் பதில் வந்தது. "நான் கணிதத்துலதான் நிபுணர்மா. இது நிர்வாகம்."

அதோடு விட்டிருப்பாள் அம்மா. ஆனால் எழுத்தர் அதே விதியின் கடைசி வரியைப் படித்துக் காட்டினார்: ஆட்சேபம் தள்ளுபடியானால், விடைக்குறிப்பின் மாண்பைக் குலைத்த குற்றத்துக்காக, அடுத்த ஆண்டும் அந்த மாணவி தேர்வெழுதத் தடை. அம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த வருடம் போனது போக அடுத்த வருடமும் போகிறதா? பெஞ்சிலிருந்து எழுந்து கைகூப்பினாள்.

"ஐயா, சின்னப் பொண்ணு. ஏதோ தெரியாம படிச்சுட்டா. நீங்களே ஒரு வழி பண்ணுங்க."

தலைவருக்கு அந்தக் கும்பிடு பிடித்திருந்தது. முக்கோணத்தைச் செய்தே காட்டிவிடுவது என்று அவர் தீர்மானித்தார். இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஒருமுறை, கோளத்துக்கு விளிம்பு உண்டா என்று ஒரு பையன் ஆட்சேபம் எழுப்பினான். உண்டு என்றது விடைக்குறிப்பு. பட்டறையில் சொல்லி, விளிம்புள்ள கோளம் ஒன்று செய்து அவன் கையில் கொடுத்தார்கள். இப்போது அது தலைவரின் மேசையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தட்டையான அடியோடு, உருளாமல், நன்றாகவே நிற்கிறது. "அந்தப் பையன் இப்ப என்ன பண்றான்னு தெரியலை. ஆனா கோளம் இருக்கு," என்றார் தலைவர்.

அடுத்த அமர்வில் எல்லாரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். மேலிடப் பிரதிநிதியின் தேநீரும் வந்துவிட்டது. மேசையை மட்டும் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். பட்டறைக்காரர் மூன்று இரும்புக் கம்பிகளோடு வந்திருந்தார். குழு முழுவதும் தெளிவாகப் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சென்டிமீட்டருக்கு ஓர் அடி என்று கணக்கு வைத்துச் செய்யச் சொல்லியிருந்தார் தலைவர். பதினெட்டு அடிக் கம்பி அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தரையில் கிடந்தது. அதன் ஒரு முனையில் ஐந்தையும் மறுமுனையில் பன்னிரண்டையும் தரையிலேயே சாய்வாக வைத்தார் பட்டறைக்காரர். இரண்டின் நுனிகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகும் அளவுக்கு வெற்றிடம். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தவள் அந்த வழியாகத்தான் போய்விட்டு வந்தாள்.

"என்னப்பா இது?" என்றார் தலைவர்.

"சொன்ன அளவுதான் சார். சேரமாட்டேங்குது."

"நான் பெருசாக்கச் சொன்னது முக்கோணத்தை. இடைவெளியை இல்லை."

"ரெண்டும் சேர்ந்துதான் சார் பெருசாகும்."

"கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுப் பாரு."

பட்டறைக்காரர் இழுத்துப் பிடித்தார். எழுத்தர் ஒரு பக்கம் பிடித்தார். இரண்டு கம்பிகளையும் பெரிய கம்பியோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஓர் அடி பாக்கி. நிபுணரை அழைத்து, கணிதத்தில் இதற்கு ஏதாவது ஏற்பாடு உண்டா என்று கேட்டார்கள். "பொதுவாக, வெப்பத்தில் இரும்பு கொஞ்சம் நீளும்," என்றார் அவர். பட்டறைக்காரர் கம்பியை ஒருமுறையும் நிபுணரை ஒருமுறையும் பார்த்துவிட்டு, ஒரு அடி நீளாது சார் என்றார். ஜன்னலை மட்டும் சாத்தினார்கள், காற்று வந்து குளிர்ந்துவிடக் கூடாது என்று.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிக்கும்போது யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது எழுதப்படாத விதி. கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"ஒரு இணைப்புத் துண்டு வெச்சுப் பற்றவை."

பட்டறைக்காரர் ஒரு துண்டுக் கம்பியை வெட்டி, இரண்டு நுனிகளுக்கும் நடுவில் வைத்து, பொறி பறக்கப் பற்றவைத்தார். சூடு ஆறுவதற்குள் பெண் சொல்லிவிட்டாள்: "சார், முக்கோணத்துக்கு மூணு பக்கம். இதுல நாலு ஆயிடுச்சு."

"அது பக்கம் இல்லம்மா, இணைப்பு. ஒரு கடிதத்துக்கு இணைப்பு வெச்சு அனுப்பறோம். உடனே அது ரெண்டு கடிதமா ஆயிடுமா?"

"கடிதம் வேற, கம்பி வேற சார்."

"அலுவலகத்துல எல்லாம் ஒண்ணுதான்."

அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள். "ஏண்டி, அவர்தான் இவ்வளவு சிரமப்பட்டு ஒட்டவெச்சிருக்காரே. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

தலைவர் தீர்ப்பைச் சொன்னார். எழுத்தர் அதை முந்தின நாளே தட்டச்சு செய்து, தலைவர், நிபுணர், தான் என மூவரின் கையெழுத்தோடு வைத்திருந்தார். பார்வையிட்ட பிறகு எழுதினால் நேரம் வீணாகும் என்பதற்காக முடிவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பார்வையிடுவது அந்த அலுவலகத்தில் நெடுநாள் நடைமுறை. தீர்ப்பின் சாரம் இது: தேர்வு நடந்த அன்று இந்த முக்கோணம் இல்லை என்று மாணவி சொன்னதைக் குழு திறந்த மனத்தோடு ஏற்கிறது. ஆனால் இப்போது இருக்கிறது. ஆகவே ஆட்சேபம் எழுப்பியபோது சரியாக இருந்து, விசாரித்தபோது தவறாகிவிட்டது. இந்த இடைக்காலக் குழப்பத்தில் மாணவிக்கு ஏற்பட்ட மனவேதனையைக் கருதி, ஒரு கருணை மதிப்பெண் வழங்கப்படுகிறது.

அம்மாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. ஒரு மதிப்பெண். அந்த ஒன்றுதான்.

"கருணையா?" என்றாள் மகள்.

"வாயை மூடு," என்றாள் அம்மா.

"ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. வேதனை கணக்குல தர்ற மதிப்பெண் இல்லையா, முக்கோணத்தைக் கண்ணால பார்த்ததா பாதுகாவலர் எழுதித் தரணும். முடிவோட அதைச் சேர்த்து உறையில போட்டு மேலிடத்துக்கு அனுப்பிடுவோம். நாளைக்கே உங்க பொண்ணு பேரு பட்டியல்ல ஏறிடும்." தலைவர் ஒரு படிவத்தை நீட்டினார்.

அம்மா படிவத்தை வாங்கி மேசையோரம் நின்றாள். மகளைப் பார்த்தாள். இத்தனை நேரம் நெஞ்சை நிமிர்த்தி நின்ற பெண் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. நீதான் பார்க்கறே, நீ எழுது. எனக்குப் படிக்கணும், அவ்வளவுதான்." மகள் கம்பிகளைக் காட்டினாள். "நாளைக்கு ஏதாவது பாலத்துல ரெண்டு பக்கமும் சேரலைன்னாலும் இப்படி ஒரு துண்டு வெச்சுக் கையெழுத்து வாங்கிடுவாங்க போல. நானும் போட்டுடுவேன் போல."

அம்மாவுக்கு வடிவகணிதம் அப்போதும் விளங்கவில்லை. ஆனால் மகள் "போல" என்று இரண்டுமுறை சொன்னது என்னவோ செய்தது. இவளைத் தலையாட்டச் சொல்லித்தான் கூட்டிவந்தாள். இப்போது தலை ஆடத் தயாராக இருக்கிறது. தயாராக இருப்பதைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

படிவத்தில் முதல் வரி, பார்த்த பொருள். 'முக்கோணம்' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. இரண்டாவது வரி, பார்த்த இடம். அதுவும் அச்சடித்திருந்தது. மூன்றாவது வரி, பக்கங்களின் எண்ணிக்கை. எல்லா வடிவங்களுக்கும் ஒரே படிவம் என்பதால் அங்கே மட்டும் இடம் காலியாக இருந்தது. அம்மா தரையில் கிடந்த இரும்பைப் பார்த்தாள். அதைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்தாள், பற்றவைத்த இடத்தில் புடவை படாமல் ஒதுங்கி. திரும்பி வந்து பேனாவை எடுத்து, '4' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். போய்விட்டது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டு வருஷமும் போய்விட்டது.

எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் படித்தார். மறுபடி படித்தார்.

"என்னம்மா நாலுன்னு போட்டிருக்கீங்க?"

"எண்ணினேன் சார்."

"உங்களை யாரு எண்ணச் சொன்னது? பார்க்கத்தானே சொன்னோம்."

"படிவத்துல கேட்டிருந்தது சார்."

"படிவம் ஆயிரம் கேட்கும்." அவர் எழுத்தரிடம் திரும்பினார். "அடிச்சுட்டு மூணுன்னு போடச் சொல்லுங்க."

"அடித்தல் திருத்தல் இருந்தா படிவம் செல்லாது சார்," என்றார் எழுத்தர்.

"வேற படிவம் குடுங்க."

"ஒரு ஆட்சேபத்துக்கு ஒரு படிவம்தான் சார். வரிசை எண் போட்டு வர்றது."

"அப்போ இதைக் கிழிச்சுட்டு முடிவை மாத்திடுவோம். ஆட்சேபம் தள்ளுபடி."

எழுத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. புரட்டுவது அவர் வேலை. "முடிவுல நேத்தே நாம மூணு பேரும் கையெழுத்துப் போட்டுட்டோம் சார். போட்ட முடிவை மாத்தணும்னா அந்த முடிவு மேலேயே ஒரு ஆட்சேபம் வரணும்."

"யாரு எழுப்பணும்?"

"நீங்க எழுப்பலாம் சார்."

"யாரு விசாரிப்பாங்க?"

"நீங்கதான் சார். ஆனா ஆட்சேபம் தள்ளுபடியானா எழுப்பினவருக்கு ஒரு வருஷத் தடை."

தலைவருக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவு தூரம் போகவில்லை. நிபுணர் பக்கம் பார்த்தார். பிடரி மட்டும் தெரிந்தது. தோள்கள் இலேசாகக் குலுங்கின, இருமல் என்றுதான் குறிப்பில் எழுதிக்கொண்டார் எழுத்தர்.

"அப்போ என் பொண்ணுக்கு அந்த மதிப்பெண்?" என்று அம்மா கேட்டாள். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

"அது முடிவுல இருக்கே. முடிவை மாத்த முடியாதுங்கறாரே," என்றார் தலைவர், அவளைப் பார்க்காமல்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு சிரிப்பு நழுவி வந்து அறையில் விழுந்தது. யாரும் அதைப் பதிவு செய்யவில்லை.

முடிவையும் படிவத்தையும் எழுத்தர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். முக்கோணத்தின் இருப்பை மூன்று அதிகாரிகள் உறுதி செய்யும் தாள் மேலே, அதற்கு நான்கு பக்கம் என்று சாட்சி சொல்லும் தாள் கீழே. உறையில் நுழைத்து, மடிப்பை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினார். மெழுகுவத்தி ஏற்றினார். அரக்கு சொட்டு சொட்டாக விழுந்தது. தலைவர் அலுவலக முத்திரையால் ஓங்கி ஒரு குத்து விட்டார். மேலிடப் பிரதிநிதியின் ஆறிய தேநீர் கோப்பையில் தளும்பியது.

"மேலே யாரும் எண்ண மாட்டாங்க," என்றார் அவர், தனக்குத்தானே. "பார்க்கத்தான் செய்வாங்க."

தபால் பைக்காரர் உள்ளே வந்து நின்றார். எழுத்தர் உறையைக் கையில் கொடுத்து, அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொண்டார். பைக்காரர் அதைப் பையில் போட்டு, வாயை இழுத்துக் கட்டி, தரையில் கிடந்த முக்கோணத்தைச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லாததால் மிதித்துத் தாண்டிப் படியிறங்கிப் போனார்.